வயிற்றைத் திறக்காமல் ஃபைப்ராய்டு சிகிச்சை: எந்த முறை எந்தக் கட்டிக்குச் சரிப்படும்?

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. கர்ப்பப்பையை எடுக்காமல், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் அதைக் கையாள இன்று ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கர்ப்பப்பை வாய் வழியாகக் கருவியை நுழைத்துச் செதுக்கி எடுக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி. வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் லேப்ராஸ்கோப்பி. கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன். ஊசி நுனியால் சுடும் ரேடியோ அலை. உடலுக்கு வெளியிலிருந்தே ஒலி அலையைக் குவித்துச் சுடும் ஹைஃபு. விளம்பரங்களில் ஐந்துக்கும் ஒரே பல்லவிதான்: தழும்பில்லை, வலியில்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ஒருத்திக்கு அருமையாக வேலை செய்த முறை இன்னொருத்திக்குச் சுத்தமாகப் பயன்படாமல் போகும். கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு. அந்த மருத்துவமனையில் என்ன மெஷின் இருக்கிறதோ, அதுதான் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். உதிரப்போக்கு அதிகமில்லை, வலியில்லை, சிறுநீர்ப்பையை அழுத்தவில்லை, குழந்தைப்பேறுக்கும் தடையில்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது என்றால், பெரும்பாலான ஃபைப்ராய்டுகளுக்கு இந்த ஐந்தில் எதுவுமே தேவையில்லை. மாதவிடாய் நின்ற பிறகு அவை பெரும்பாலும் தானாகவே சுருங்கும்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்

"கர்ப்பப்பை பருத்துள்ளது, பல ஃபைப்ராய்டுகள் உள்ளன" என்று மட்டும் எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து எந்த முறையையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை கட்டிகள், ஒவ்வொன்றும் மூன்று திசையிலும் எத்தனை செ.மீ., கட்டி இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஃபிகோ வகை எண் என்ன, கட்டியின் வெளி விளிம்புக்கும் கர்ப்பப்பையின் வெளிப்புறத்துக்கும் இடையில் எத்தனை மி.மீ. தசை மிச்சம் இருக்கிறது, கூடவே அடினோமயோசிஸ் (உள்சவ்வுத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது) இருக்கிறதா, இத்தனையும் வேண்டும்.

ஃபிகோ எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. 0 என்றால் கட்டி முழுவதும் கர்ப்பப்பையின் உள்குழியில் காம்பில் தொங்குகிறது. 1-இல் பாதிக்கு மேல் குழிக்குள்ளும், 2-இல் பாதியோ அதற்கு மேலோ தசைக்குள்ளும் இருக்கும். 3 தசைக்குள்ளேயே இருந்துகொண்டு உள்சவ்வைத் தொடும். 4 முழுக்கத் தசைக்குள் புதைந்திருக்கும். 5, 6 இரண்டும் வெளிப்பக்கம் புடைப்பவை; 7 வெளியே காம்பில் தொங்குவது. 8 என்பது கர்ப்பப்பை வாய் போன்ற வேறு இடங்களில் இருப்பது. 2-5 என்று இரட்டை எண் போட்டிருந்தால், அந்தக் கட்டி உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டிருக்கிறது.

0, 1, 2 வகைகளுக்கு, கர்ப்பப்பைக்குள் சலைன் (உப்புநீர்) விட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்டே நல்ல படம் தரும். எம்போலைசேஷனுக்கும் ஹைஃபுவுக்கும் கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்து) ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐ கட்டாயம். எம்ஆர்ஐ பார்க்காமல் இந்த இரண்டில் ஒன்றுக்குத் தேதி குறிக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

45 வயதைத் தாண்டியவருக்கு உதிரப்போக்கு தாறுமாறாக இருந்தால், கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து பயாப்சி எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். எந்த முறையானாலும் முன்னதாக ஹீமோகுளோபினை ஏற்ற வேண்டும். மாத்திரைக்கு வாரக்கணக்கில் ஆகும். நாள் குறைவாக இருந்தாலோ மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலோ இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள்.

ஹிஸ்டரோஸ்கோப்பி: 0, 1 வகைகளுக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை

கட்டி உள்குழியில் இருந்தால் மற்ற நான்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வயிற்றில் ஒரு துளைகூட இல்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். எடுத்த சதை பயாப்சிக்கும் போகிறது.

கர்ப்பப்பை வாயை விரித்து ரெசெக்டோஸ்கோப் என்னும் குழல்கருவியை உள்ளே விட்டு, திரவத்தால் குழியை விரியவைத்து, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சீவல் சீவலாக எடுப்பார்கள். வளையத்தைக் கட்டிக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, தன் பக்கம் இழுக்கும்போது மட்டுமே மின்சாரத்தை அழுத்த வேண்டும். முன்னோக்கித் தள்ளும்போது அழுத்தினால் கர்ப்பப்பைச் சுவர் ஓட்டையாகிவிடும், அதற்கு அப்பால் இருப்பது குடல். கட்டி வெள்ளையாக, சுழித்த நாராகத் தெரியும். இளஞ்சிவப்பான மெத்தென்ற தசை தெரிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். மையோஷ்யூர் போன்ற, சுழலும் பிளேடால் வெட்டி உறிஞ்சும் கருவிகளும் இருக்கின்றன. 0, 1 வகைகளில் அவை வேகமானவை. 2-ஆம் வகையில் தசைக்குள் புதைந்த பகுதியை எடுக்க அவை திணறும்.

இந்த முறையின் பெரிய ஆபத்து திரவத்தில் இருக்கிறது. குழியை விரிக்க விடும் திரவம், வெட்டுப்பட்ட ரத்தக்குழாய்கள் வழியாக உடலுக்குள் போகும். மின்சாரம் உடல் வழியாகத் திரும்பும் மோனோபோலார் கருவிக்குப் பயன்படுத்தும் கிளைசின் போன்ற உப்பில்லாத திரவம் அதிகம் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். அதனால் உள்ளே விட்டதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசம் 1,000 மி.லி.யைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். மின்சாரம் கருவியின் நுனியிலேயே சுற்றித் திரும்பும் பைபோலார் கருவிக்குச் சலைன் போதும். அதில் ஆரோக்கியமான பெண்ணுக்கு வரம்பு 2,500 மி.லி. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அந்த வரம்பு இன்னும் குறையும். சலைன் சோடியத்தைக் கலைக்காது. அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும். "பைபோலாரா, மோனோபோலாரா? திரவக் கணக்கை யார் பார்ப்பார்கள்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நல்ல டீம்.

2-ஆம் வகைக் கட்டி பெரிதாக இருந்தால் ஒரே தடவையில் முடியாமல் போகலாம். திரவ வரம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டு, சில வாரங்கள் கழித்து மிச்சத்தை எடுப்பதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். அது பொறுப்பான முடிவு. கட்டிக்கு வெளியே 5 மி.மீ. தசைகூட மிச்சமில்லை என்றால் இந்த வழியில் போவது ஆபத்து. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள இரண்டு கட்டிகளை ஒரே நாளில் எடுத்தால் புண்பட்ட சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம். பக்கத்துக்கு ஒரு நாளாகப் பிரித்துச் செய்வதே புத்திசாலித்தனம்.

லேப்ராஸ்கோப்பி: தையலைக் கேளுங்கள்

3 முதல் 7 வரையிலான வகைகள், குழந்தை வேண்டும், கட்டிகளின் எண்ணிக்கை கைக்கு அடங்குகிறது என்றால் இதுதான் முதல் தேர்வு. கட்டியே உடலைவிட்டு வெளியே போவதால் அழுத்தம் உடனே குறையும்.

ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தான வாசோப்ரெஸ்ஸின் 20 யூனிட்டை 100 மி.லி. அல்லது அதற்கும் அதிகமான சலைனில் கரைத்துக் கட்டியைச் சுற்றி ஏற்றினால், அந்த இடம் வெளுத்து ரத்தக்கசிவு குறையும். தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் இதயத் துடிப்பு சட்டென்று சரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஊசியைப் பின்னிழுத்துப் பார்த்து, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கட்டியை அதன் உறையிலிருந்து உருவி எடுப்பது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். சிகிச்சையின் தரத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு வரும் தையல். ஆழமான குழியை இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து மூட வேண்டும். தைப்பதற்குச் சிரமப்பட்டு ரத்தத்தை மின்சாரத்தால் சுட்டு நிறுத்திவிட்டால் தசை கருகி, பிற்பாடு கர்ப்பத்தில் அந்த இடம் பிளக்க வாய்ப்பு கூடும். பிளப்பது அபூர்வம், நடந்தால் உயிருக்கே ஆபத்து. முள்போன்ற பிசிறுள்ள, முடிச்சுப் போடத் தேவையில்லாத நூல் வந்த பிறகு வேலை எளிதாகியிருக்கிறது. அறுவை முடிந்ததும் "உள்குழி திறந்ததா, எத்தனை அடுக்குத் தையல்?" என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு வரும் பிரசவ மருத்துவர் சிசேரியன் வேண்டுமா என்று முடிவெடுக்க அதைத்தான் கேட்பார்.

பெரிய கட்டியைச் சிறு துளை வழியே எடுக்க அதைத் துண்டாக்க வேண்டும். அப்படித் துண்டாக்கும் கருவியான மின்மோட்டார் மார்சிலேட்டரைப் பற்றி, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டு என்று நினைத்தது சார்கோமா என்னும் புற்றுநோயாக இருந்துவிட்டால், வெட்டும்போது துணுக்குகள் வயிறெங்கும் சிதறிப் பரவும் என்பதே காரணம். 2020-இல், கசியாத பைக்குள் போட்டு வெட்டினால் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியது. பை இல்லாமல் வெட்டும் இடத்தில் செய்துகொள்ள வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்கிறது என்றால் மார்சிலேட்டர் பேச்சே எடுக்கக் கூடாது.

கட்டியைச் சுருக்க அறுவைக்கு முன் மூன்று மாதம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசி போடுவது உண்டு. ரத்தசோகையைச் சரிசெய்ய அது உதவும். ஆனால் கட்டிக்கும் தசைக்கும் நடுவிலுள்ள பிரிகோடு மங்கி, உருவி எடுப்பது கடினமாகும். சின்னக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து, மருந்து நின்றதும் மறுபடி வளரும். எல்லோருக்கும் வழக்கமாகப் போடும் பழக்கம் தேவையற்றது.

எம்போலைசேஷன்: முதல் நாள் வலிக்குத் தயாராக இருந்தால்

ஃபைப்ராய்டுக்கான தனிச் சிகிச்சையாக இது 1995-இல் பிரான்சிலிருந்து வெளியுலகுக்குத் தெரியவந்தது. பல கட்டிகள், பெரிய கர்ப்பப்பை, அதிக உதிரப்போக்கு, இனிக் குழந்தை வேண்டாம், கர்ப்பப்பையை எடுக்கவும் மனமில்லை என்பவர்களுக்குப் பொருத்தமானது. எத்தனை கட்டிகள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வில் ரத்தம் நிற்கும். மற்ற முறைகளில் கட்டி கட்டியாகத் தேடிப் போக வேண்டும்.

செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய கதீட்டரை இரு பக்கக் கர்ப்பப்பைத் தமனிக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவார். அதன் வழியே சுமார் 500 முதல் 900 மைக்ரான் அளவுள்ள, குழாயை அடைக்கும் மணிகள் உள்ளே போகும். எக்ஸ்ரே திரையில் கட்டியைச் சுற்றிப் பின்னிக் கிடந்த சிறு குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்து, இலையுதிர்ந்த மரம்போல நடுத் தமனி மட்டும் நிற்கும். அதில் கான்ட்ராஸ்ட் சில இதயத் துடிப்புகளுக்கு நகராமல் தங்கினால் போதும், நிறுத்திவிடலாம். அதற்கு மேலும் மணிகளைத் திணித்தால் நல்ல தசைக்கும் ரத்தம் போகாது.

வலி இல்லை என்று விளம்பரம் சொல்வது மேசையில் படுத்திருக்கும் நேரத்துக்குத்தான் பொருந்தும். ரத்தம் கிடைக்காத கட்டி முதல் ஒரு நாளில் கடுமையாக வலிக்கும். பிரசவ வலிபோல முறுக்கும். இங்கேதான் நல்ல சென்டரும் சுமாரான சென்டரும் பிரிகின்றன. செய்வதற்கு முன்பே வலிமருந்தைத் தொடங்கினார்களா, பட்டனை அழுத்தினால் மருந்து போகும் பம்ப் உண்டா, அடிவயிற்று நரம்புப் பின்னலை மரக்கவைக்கும் ஊசி போடுவார்களா என்று கேளுங்கள். "பாராசிட்டமால் தருவோம்" என்பது மட்டும் பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். அடுத்த சில நாள் லேசான காய்ச்சல், குமட்டல், அசதி இருக்கும். எம்போலைசேஷனுக்குப் பின் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஒரு வாரத்துக்குள் தணியும். தணிந்த பிறகு மறுபடி காய்ச்சல் ஏறி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் அது தொற்று. வாரங்கள் கழித்துக்கூட வரலாம். காத்திருக்காமல் போக வேண்டும்.

தோல்விக்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று, சூலகத் தமனியும் கட்டிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருப்பது. முன்கூட்டியே எம்ஆர் ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ) பார்த்தால் தெரியும். இரண்டு, கதீட்டர் பட்டுத் தமனி சுருங்கியதை அடைபட்டுவிட்டதாக எண்ணி நிறுத்தியது. சுருக்கம் விட்டதும் ரத்தம் மறுபடி பாயும். மூன்று, ஒரு பக்கம் மட்டுமே அடைக்க முடிந்தது. உள்குழியை ஒட்டிய கட்டி செத்த பிறகு துண்டு துண்டாக வெளியேறுவதும் உண்டு. பாதியில் கர்ப்பப்பை வாயில் சிக்கினால் ஹிஸ்டரோஸ்கோப்பியால் எடுக்க வேண்டியிருக்கும்.

"கட்டி பாதியாகச் சுருங்கும்" என்று சொன்னால், பாதியாவது கன அளவு என்று புரிந்துகொள்ளுங்கள். 8 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் கன அளவு பாதியானால் விட்டம் சுமார் 6.3 செ.மீ. ஆகும். உதிரப்போக்கு கட்டுப்படுவதில் இந்த முறை நன்றாகவே செயல்படும். முன்தள்ளிய வயிறு தட்டையாகும் என்று எதிர்பார்த்து வருபவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

ஆராய்ச்சி முடிவுகள் நேர்மையானவை, இரு பக்கமும் பேசுகின்றன. நெதர்லாந்தின் எம்மி ஆய்வில், பத்தாண்டு முடிவில் எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரவில்லை. 254 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஃபெம் ஆய்வில், இரண்டாண்டு கழித்து வாழ்க்கைத் தர மதிப்பெண் கட்டியை அறுத்து எடுத்தவர்களுக்கு 84.6, எம்போலைசேஷன் குழுவுக்கு 80.0. இரண்டுமே சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல், அறுவைக்குச் சற்றுக் கூடுதல். 45 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு மாதவிடாய் அப்படியே நின்றுவிடும். பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதை முதல் வழியாக நாங்கள் சொல்ல மாட்டோம்.

ரேடியோ அலை

ஊசி நுனியைக் கட்டிக்குள் ஏற்றி 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடுவது. லேப்ராஸ்கோப்பி வழியாகப் போகும் அசெஸ்ஸாவுக்கு எஃப்டிஏ 2012-இலும், கர்ப்பப்பை வாய் வழியாகப் போகும் சொனாட்டாவுக்கு 2018-இலும் அனுமதி தந்தது. சொனாட்டாவில் அல்ட்ராசவுண்டு புரோபும் ஊசியும் ஒரே கருவியில் இருக்கின்றன. திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீள்வட்டங்கள் தெரியும்: உள்வட்டம் சுடப்படும் பகுதி, வெளிவட்டம் சூடு பரவும் எல்லை. வெளிவட்டம் கர்ப்பப்பையின் வெளிச்சுவரைத் தாண்டாதபடி ஊசியை நகர்த்தி வைத்த பிறகுதான் மின்சாரம். அதற்கான முக்கியச் சோதனையில் 1 முதல் 5 செ.மீ. வரையிலான கட்டிகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. அதைவிடப் பெரியதற்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. வெளியே காம்பில் தொங்கும் 7-ஆம் வகைக்குச் சொனாட்டா உதவாது. தையல் இல்லை, உடம்பு சீக்கிரம் தேறும். சிறிய, நடுத்தர 2, 3, 4 வகைகளுக்கு நல்ல முறை. கருத்தரிப்பு பற்றிய அனுபவம் மட்டும் அறுவையோடு ஒப்பிட இன்னும் குறைவு.

ஹைஃபு: கறுத்த கட்டிக்கு மட்டும்

அதிகம் விளம்பரம் செய்யப்படுவதும், ஆள் தெரிந்து செய்யாவிட்டால் அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். எம்ஆர்ஐ வழிகாட்டலில் இயங்கும் எக்ஸாப்ளேட்டுக்கு எஃப்டிஏ 2004-இல் அனுமதி தந்தது. அல்ட்ராசவுண்டு வழிகாட்டலில் இயங்கும் மெஷின்களும் உண்டு.

அடிவயிற்று முடியை மழித்து, சிறுநீர்க் குழாய் போட்டு, குப்புறப் படுக்கவைப்பார்கள். ஒலி அலைக்கற்றைகள் கட்டிக்குள் ஒரு புள்ளியில் குவிந்து, சில விநாடிகளில் அந்த இடத்தை 60 டிகிரிக்கு மேல் ஏற்றும். சுட்டு, ஆறவிட்டு, அடுத்த புள்ளிக்கு நகர்ந்து மறுபடி சுட வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரமும் ஆகலாம். கையில் நிறுத்து பட்டன் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். தோலில் சுரீரென்று எரிந்தாலோ, இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல் இறங்கினாலோ உடனே அழுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் தோல் வெந்துபோகும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு பாதிக்கும். சிலர் அவ்வளவு நேரம் கிடந்துவிட்டோமே என்று அழுத்தத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

யாருக்குச் சரிப்படும் என்பதை எம்ஆர்ஐயின் டி-2 படம் சொல்லும். கட்டி எலும்புத் தசை அளவுக்கோ அதைவிடவோ கறுப்பாகத் தெரிந்தால் நார் அதிகம், ரத்தம் குறைவு. சூடு நன்றாகத் தங்கும். கர்ப்பப்பைத் தசை அளவுக்கோ அதைவிடவோ வெளுப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் சூட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும், சுட்டும் பயனில்லை. ஃபுனாகி வகை 1, 2, 3 என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். 3 என்றால் ஹைஃபுவை விட்டுவிடலாம். கட்டிக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே குடல் நுழைந்திருந்தாலோ, அலை போகும் பாதையில் பழைய சிசேரியன் தழும்பு இருந்தாலோ வேலை சிக்கலாகும். தழும்பு அலையை உறிஞ்சிச் சூடாகிவிடும். அதைச் சுற்றிப் போகவோ, சிறுநீர்ப்பையை நிரப்பிக் குடலை விலக்கவோ வழிகள் உண்டு, எல்லா வயிற்றிலும் அது நடக்காது.

முடிந்த கையோடு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஒரு படம் எடுப்பார்கள். ரத்தம் ஏறாத கறுத்த பகுதி கட்டியில் எத்தனை சதவீதம் என்பதே இந்தச் சிகிச்சையின் உண்மையான மதிப்பெண். 80-க்கு மேல் என்றால் சிறப்பு. பாதிகூடத் தேறவில்லை என்றால் கட்டி மறுபடி வளரும் என்று இப்போதே தெரிந்துவிடும். அந்த எண்ணைச் சொல்லாமல் "நன்றாக முடிந்தது" என்று அனுப்பும் இடத்தை நம்ப வேண்டாம்.

சுட்டாலும் அடைத்தாலும் பயாப்சிக்குச் சதை கிடைப்பதில்லை. அதனால் எம்போலைசேஷன், ரேடியோ அலை, ஹைஃபு மூன்றுக்கும் முன்பு எம்ஆர்ஐயைச் சார்கோமாவுக்கான சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒருவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போடவும் வழி உண்டு. சூலக ஹார்மோனை அடக்கும் ரெலுகோலிக்ஸோடு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்த மாத்திரைக்கு எஃப்டிஏ 2021-இல் அனுமதி தந்தபோது, எலும்புத் தேய்மானம் கருதி 24 மாதம் வரை என்று வரம்பு வைத்தது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கு அந்த அவகாசமே போதுமானதாக இருக்கலாம்.

எம்போலைசேஷனுக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ ஒன்று எடுத்து, ஒவ்வொரு கட்டியிலும் ரத்த ஓட்டம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். கட்டி சுருங்கியும் ரத்தம் இன்னும் ஏறுகிறதென்றால் சூலகத் தமனியைத் தேட வேண்டும். எல்லாக் கட்டியும் செத்தும் உதிரப்போக்கு மட்டும் குறையவில்லை என்றால் பழைய எம்ஆர்ஐயை எடுத்து அடினோமயோசிஸ் கண்ணில் படாமல் போயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதோடு உள்சவ்வுப் பயாப்சியையும் ஒருமுறை திரும்ப எடுப்பது நல்லது.